ஒரு பிடி கூடுதலாக

வடலூர் சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த இடம், ஊரார் கொண்டுவந்த தானியம்; நாளைய அரிசிக்கு ஆண்டவனே பொறுப்பு என்ற நம்பிக்கையில்தான் உலை ஏறியது. 1874 ஜனவரியில் சித்திவளாகத்து அறைக்குள் போன வள்ளலார் வெளியே வரவில்லை. இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நெருப்பு அணையவில்லை. இதை அதிசயம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். அன்றாடம் யாரோ ஒருவர் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கியிருக்கிறார். கடவுள் நமக்காகச் செய்யும் வேலை பெரும்பாலும் அடுத்தவர் தோள் வழியாகத்தான் வருகிறது.

அங்கே பந்தியில் உட்காருபவரிடம் சாதியோ மதமோ கேட்பதில்லை. இலை போட்டு, ஆவி பறக்கச் சோறு வைப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அடுத்தவர் பசிக்கென்று ஒரு பானை உண்டு. உலையில் அரிசி போடுமுன் அம்மா ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். மாதக் கடைசியில் எங்களுக்கே தட்டுப்பாடு. அப்போதும் அந்தப் பானைப் பக்கம் அவர் கை போனதில்லை.