ஒப்பனை முடியாத முகம்

சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் அழகிப் போட்டி நடக்கும். கும்பகோணம் பக்கத்துத் திருநங்கைகள் சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி வழியாக அங்கே வந்து சேர்வார்கள். மேடையில் அவர்கள் நடந்து வரும்போது எடுக்கும் படங்களில் சிக்கல் இல்லை; பார்க்கப்படவே அவர்கள் மேடை ஏறுகிறார்கள். விடுதி அறையிலும் திரை மறைவிலும், மங்கிய விளக்கில் ஒப்பனை நடக்கும்போது எடுக்கும் படங்கள் வேறு. அங்கே ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே கேமராவைத் தூக்க வேண்டும். விழாக் குழு தரும் அனுமதி அட்டை அறைக்குள் நுழைவதற்கு மட்டும்தான்.

முன்பு இந்தச் சிக்கலைக் கேமராவே பாதி தீர்த்துவைத்தது. இருட்டில் படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டும். அடித்ததும் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வெளியே போ என்று சொல்லலாம். குறைந்த வெளிச்சத்திலும் எடுக்க வல்ல எர்மனாக்ஸ் கேமரா 1920-களில் ஜெர்மனியில் வந்ததும் அந்தத் தற்காப்பு தளர்ந்தது. 1928-இல் எரிக் சாலமன் என்ற புகைப்படக்காரர் பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தொப்பிக்குள் கேமராவை மறைத்து வைத்துப் படம் எடுத்தார். இன்று எஃப் 1.4 லென்சும் ஐஎஸ்ஓ 6400-உம் இருந்தால் ஒற்றைக் குழல்விளக்கே போதும்; கைபேசிக்கு அதுவும் வேண்டாம். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கும் கைபேசிகளில் படம் எடுக்கும் ஒலியை அணைக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே எதிரில் இருப்பவருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு முழுவதும் புகைப்படக்காரர் மேல் விழுகிறது.

எந்த ஃபேஷன் மேடையின் பின்புறத்துக்கும் இது பொருந்தும். ஆனால் திருநங்கைக்கு நேரும் இழப்பு வேறு வகையானது. அரைகுறை ஒப்பனையில் படமான ஒரு மாடலுக்குக் கொஞ்சம் பகட்டுதான் குறையும். மழித்துக்கொண்டிருக்கும்போதோ சவுரி வைப்பதற்கு முன்போ படமான திருநங்கையை, அவர் விட்டுவந்த அடையாளத்துக்கே அந்தப் படம் திரும்ப இழுத்துச் செல்கிறது. கேலி செய்பவனுக்கு அது சாட்சியாகிவிடும். வீட்டுக்கும் வாடகைக்கு இருக்கும் தெருவுக்கும் அவர் சொல்லாததை யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். இதே வட்டாரத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகிய பிறகே முகம் காட்டுகிறார். எப்போது தெரிய வேண்டும் என்பது ஆடுபவரின் உரிமை என்பதைப் பாமர ரசிகர்களும் தலைமுறைகளாக ஏற்றிருக்கிறார்கள்.

பொது விழாவுக்கு வந்தவர் படத்துக்கும் சம்மதித்தவர்தானே என்று கேட்கலாம். சட்டமே அப்படிக் கருதவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதைக் குற்றமாக்குவதோடு, எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்புவதையும் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவின் எல்லை குறுகியது. பாதி மை தீட்டிய முகம் அதற்குள் வராது. ஆனாலும் எடுப்பதற்கு ஒரு சம்மதம், வெளியிடுவதற்கு இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கும் அந்த முறை ஒப்பனை அறைக்கு மிகவும் தேவை.

கேட்டால் இயல்பு போய்விடும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. கேட்ட நொடியில் உடம்பு விறைக்கும், உண்மைதான். அந்த விறைப்பு காலத்தால் தளரும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் பணி சான்று. 1989-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக தில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படம் எடுத்தார். லண்டனில் தன் உறவினர் பார்த்துவிடுவார்கள் என்று மோனா அஞ்சியதும் படச்சுருளை அவரிடமே கொடுத்துவிட்டார். அன்று பிறந்த நம்பிக்கை நட்பாக வளர்ந்து, 2001-இல் மோனாவின் சொற்களோடு ஒரு நூலாக வந்தது. ஒளிந்திருந்து எடுத்தவருக்கு இத்தனை நெருக்கம் கிடைத்திருக்காது.

படங்கள் வெளியே வந்ததால்தான் உரிமைகள் வந்தன என்பாரும் உண்டு. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்ததற்கும், 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றதற்கும் முன்னால், பெயரும் முகமும் கொடுத்துப் பேசிய திருநங்கைகள் பலர் இருந்தார்கள். விளைவு தெரிந்து, தாங்களே முடிவெடுத்து முன்வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய துணிவைக் காட்டி, ஒப்பனை அறையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருத்தியின் முகத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.