கேட்வுமனை யார் திருத்துவது?

1940இல் வந்த ‘பேட்மேன்’ முதல் இதழில், உல்லாசப் படகு ஒன்றில் ஒரு நெக்லஸ் திருடுபோகிறது. திருடியவள் கிழவி வேடத்தில் இருக்கும் ஓர் இளம்பெண். பேட்மேன் அவளைப் பிடித்துவிடுகிறான். ஆனால் அவள் தண்ணீரில் குதிக்கிறாள். பின்னாலேயே பாயப்போன தன் துணைவன் ராபினைப் பேட்மேன் தெரியாமல் இடிப்பதுபோல் இடித்துத் தடுக்க, அவள் தப்பிவிடுகிறாள். பாப் கேனும் பில் ஃபிங்கரும் படைத்த அந்தப் பெண்ணுக்கு அப்போது ‘தி கேட்’ என்றுதான் பெயர். கேட்வுமன், செலினா கைல் என்ற பெயர்கள் பிறகு வந்து சேர்ந்தவை.

பேட்மேன் செய்தது தவறு. அவளுடைய இடத்தில் ஒரு முரட்டுத் திருடன் இருந்திருந்தால் ராபினை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆள் பார்த்துக் காட்டும் இரக்கம் நீதிக்கு ஆகாது. அதே சமயம், ஒருநாள் களவு, மறுநாள் காவல், அடுத்த நாள் மீண்டும் களவு என்று கரை மாறிக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது என்ற கேள்வியும் அந்த இடத்தில்தான் பிறந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தாளர்கள் பலர் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளில் சில, அவளுடைய திருட்டை விடவும் மோசமானவை.

பக்கம் மாறுகிறவர்கள் மேல் நமக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. செஞ்சோற்றுக் கடனுக்காகக் களம் புகுந்த கும்பகருணனை நினைத்து உருகும் மனம், அநீதியை விட்டு விலகி வந்த வீடணனிடம் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை. விசுவாசத்தைத் தனியாக எடுத்து வைத்துப் போற்றுவதால் வரும் கோளாறு இது. விசுவாசம் எதற்கு என்று கேட்டாக வேண்டும். செலினா யாரோடு நிற்கிறாள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். யாருக்காக நிற்கிறாள் என்பதில், குறைந்தபட்சம் நல்ல கதைகளில், ஒரு பிடிவாதம் தெரியும். எட் ப்ரூபேக்கர் எழுத, டார்வின் குக் வரைய, 2002இல் தொடங்கிய தொடரில் அவள் கோத்தம் நகரின் ஈஸ்ட் எண்ட் பகுதிக்குக் காவலாக நிற்கிறாள். அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்கள் கொலையாகிறார்கள். போலீஸ் கண்டுகொள்வதில்லை. பேட்மேனின் பார்வையும் அந்தத் தெருக்கள்வரை வருவதில்லை. செலினா வருகிறாள்.

இதனால் அவளுடைய களவு நியாயமாகிவிடாது. பணக்காரன் பெட்டகத்தைத்தானே உடைத்தாள் என்பார்கள். பெட்டகம் உடைந்த மறுநாள் காலையில் வேலை போவது முதலாளிக்கல்ல, வாசலில் நின்ற காவலாளிக்கு. அந்தக் காவலாளியைப் பெரும்பாலான கதைகள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அவளைத் திருத்த முயன்றவர்களைப் பார்ப்போம். 1950இன் இறுதியில் வந்த ஒரு கதை, அவளுக்கு மறதி நோய் இருந்ததாகச் சொன்னது. விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள் ஒரு விபத்தில் நினைவிழந்து திருடியானாளாம். தலையில் இன்னொரு அடி பட்டதும் நினைவு திரும்பி, நல்லவளாகிவிட்டாளாம். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் கோட் இன்னும் கறாரானது. குற்றவாளி மேல் வாசகருக்கு அனுதாபம் வரும்படி எதுவும் வரக் கூடாது என்றது அது. அந்த ஆண்டு கதைகளிலிருந்து மறைந்த கேட்வுமன் 1966இல்தான் திரும்பி வந்தாள். அனுதாபத்துக்குரிய குற்றவாளி என்று ஒருத்தி இருக்கவே முடியாது என்று முடிவுகட்டினால், அவளை வைத்துக்கொள்ள இடம் ஏது?

மிக மோசமான திருத்தம் பிறகு வந்தது. ஈஸ்ட் எண்டில் அவள் காவலாக நின்ற அதே தொடரின் 50ஆவது இதழில், மந்திரக்காரி ஸட்டானா அவளிடம் ஓர் உண்மையைச் சொல்கிறாள். முன்பொரு நாள் செலினாவின் மனத்துக்குள் புகுந்து அவளை நல்வழிக்குத் திருப்பி வைத்தது தான்தான் என்கிறாள். ஸட்டானா சூப்பர் ஹீரோக்களின் கூட்டணியில் ஒருத்தி. நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். இனி செலினா என்ன நினைப்பாள்? காப்பாற்றிய பெண்களை உண்மையில் காப்பாற்றியது யார்? தோழி ஹாலிக்கு அடைக்கலம் கொடுத்த கை யாருடையது?

1950இன் கதை அவளுடைய தீமை அவளுடையதல்ல என்றது. இந்தக் கதை அவளுடைய நன்மையும் அவளுடையதல்ல என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செலினா என்று ஒருத்தி மிஞ்சவே இல்லை. பதிலுக்குச் சிலர் கேட்கக்கூடும்: ஊருக்கு நன்மைதானே கிடைத்தது, உயிர்கள் பிழைத்தனவே? பிழைத்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் மந்திரத்தால் ஒருவரை நல்லவராக்கலாம் என்றால், யார் நல்லவர் என்று தீர்மானிக்கும் உரிமை மந்திரம் தெரிந்தவர் கைக்குப் போய்விடுகிறது. இதே கூட்டணியினர், தாங்கள் செய்த இன்னொரு மனமாற்றத்தைக் கண்டுவிட்ட பேட்மேனின் நினைவையும் அழித்தவர்கள். எதிரிக்குச் செய்ததை நண்பனுக்கும் செய்ய அவர்களுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. திருடி எடுத்தது நகையை. இவர்கள் எடுத்தது, தான் செய்ததற்குத் தானே பொறுப்பேற்கும் தகுதியை. நகையைத் திருப்பிக் கொடுக்கலாம்.

1983இல் ஆலன் பிரென்னர்ட் எழுதிய கதையொன்றில், வயது கூடிய செலினா அந்த மறதி நோய்க் கதையே தான் சொன்ன பொய் என்று ஒப்புக்கொள்கிறாள். அந்த வாழ்க்கையை விட்டு வெளியேற அவளுக்கு ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது. செய்தது நான்தான், இனி செய்ய மாட்டேன் என்று நேராகச் சொல்லி உள்ளே வர ஊரில் வாசல் இல்லை. நோயாளி என்றால் இடம் உண்டு. ஆகவே நோயாளியானாள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலையும் வாடகை வீடும் கிடைக்காத எந்த ஊருக்கும் இந்தப் பொய்யில் பங்கு உண்டு.

கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ (2012) வேறு வழியில் போகிறது. ஆன் ஹாத்தவே நடித்த செலினாவுக்கு வேண்டியது தன் பழைய குற்றப் பதிவுகளை அழிக்கும் ஒரு கணினி நிரல். அதற்காக அலைபவள், தன் உயிருக்குப் பயந்து பேட்மேனை அழைத்துப்போய் வில்லன் பேனிடம் விட்டுவிடுகிறாள். பேட்மேனின் முதுகு முறிகிறது. நகரமே பேனின் பிடியில் விழுகிறது. இதை யார் மன்னிக்க முடியும்? முதுகு முறிந்தவன் தன் முதுகுக்காக மன்னிக்கலாம். பேனின் ஆட்கள் பனி உறைந்த ஆற்றின் மேல் நடக்கவைத்துச் சாகடித்தவர்களின் சார்பில் மன்னிக்க அவனுக்கு உரிமையில்லை. அவளை அவன் முதல் முறை நம்பியபோது பந்தயத்தில் வைத்தது தன்னை மட்டும் என்று நினைத்திருக்கலாம். உண்மையில் ஊரையும் சேர்த்து வைத்துவிட்டான்.

உடல் தேறித் திரும்பி வந்த பேட்மேன் அந்த நிரலை அவள் கையில் கொடுக்கிறான். தன் வண்டியையும் கொடுத்து, இடிபாடுகளால் அடைபட்ட சுரங்கப்பாதையை உடைத்துத் திறக்கச் சொல்கிறான். பாதை திறந்ததும் அப்படியே போய்விடப்போவதாக அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அவன் தடுக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: அவள் ஓடிப்போனாலும், ஓடுவதற்காக அவள் திறந்த வழி மற்றவர்களுக்கும் திறந்தே இருக்கும். முதல் முறை நம்பியபோது இல்லாத நிதானம் இது. மறுபடி ஏமாந்தால் அதற்கு ஊர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அவள் பாதையைத் திறந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். வந்திருக்காவிட்டாலும் அவன் செய்தது சரிதான். ஸட்டானாவின் வழியில் தோல்விக்கு இடமில்லை, செலினாவுக்கும் இடமில்லை. பேட்மேனின் வழியில் அவளால் போய்விட முடிந்தது.