இரண்டரைக் குதிரை

தங்கச்சி மகன் போன மாதம் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஈச்சனாரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட்தான் அவனுக்கு இப்போது காதலி, குலதெய்வம், எல்லாம்.

“மாமா, நீங்க பி.காம்.தானுங்களே? இதுல எது லாபம்னு பார்த்துச் சொல்லுங்க.”

காகிதத்தில் நாலே வரி. ஒன்று, காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டர். இரண்டு, அகலமான சைலன்சர். மூன்று, ‘ரீமேப்’. அதாவது இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று தீர்மானிக்கும் குட்டிக் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதுவது. நாலு, மூன்றும் சேர்ந்த பேக்கேஜ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை, எத்தனை குதிரை கூடும் என்று ஒரு எண். பேக்கேஜுக்கு நேரே 75 என்பது 98 ஆகியிருந்தது!

பொள்ளாச்சி ரோட்டில் நாற்பதைத் தாண்டினாலே சாமி கும்பிடுகிற ஆள் நான். ஆனாலும் படிப்பைச் சொல்லிக் கேட்டுவிட்டானே... ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் இந்தக் குதிரையே எங்கிருந்து வந்தது தெரியுமா? 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினை மேம்படுத்திக் கடைபோட்டபோது, வாங்க வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். “இது எத்தனை குதிரை வேலை செய்யும்?” அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கினால் ஒரு குதிரைத் திறன். நிஜக் குதிரை நாள் முழுக்க அந்த வேகத்தில் உழைக்காது. வாட் கொஞ்சம் தாராளமாகவே போட்ட கணக்கு அது. ஆக, குதிரைத் திறன் பிறந்ததே வியாபாரத்துக்காக. இன்றைக்கும் அந்தக் குணம் போகவில்லை. பிரிட்டிஷ் குதிரை 746 வாட், ஐரோப்பியக் குதிரை 735 வாட். 100 குதிரை காரை 101 ஆக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம், அளவுகோலை மாற்றினால் போதும்! இன்ஜினில் அளந்தால் ஒரு எண், சக்கரத்தில் அளந்தால் அதைவிடக் குறைந்த எண். மார்கழிக் காலையில் ஒன்று, சித்திரை மத்தியானத்தில் வேறொன்று. அதனால் ஒரே காரை, ஒரே மெஷினில், ஒரே நாளில், முன்னும் பின்னும் அளந்து காட்டாத எந்தக் குதிரையையும் நம்பாதீர்கள்.

சரி, அப்படி நேர்மையாக அளந்தால்?

ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றினால் சாதாரணக் காரில் ஒன்றிரண்டு குதிரை கூடலாம். சத்தம்தான் பத்து குதிரைக்குக் கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் ரீமேப் செய்தால் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்தோ எட்டோதான். ஏனென்றால் வெளிக்காற்று தானாக எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவுதான் போகும். காற்று இல்லாமல் எரிபொருளை மட்டும் ஊற்றி என்ன பிரயோஜனம்? டர்போ டீசல் கதை வேறு. அங்கே காற்றை ஒரு விசிறி உள்ளே திணிக்கிறது. கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றினால் இன்னும் திணிக்கும், டீசலும் கூடும். நூற்றுக்கு இருபது, முப்பதுகூட ஏறும். பையனின் காகிதம் பொய் சொல்லவில்லை.

“பார்த்தீங்களா மாமா? கம்பெனிக்காரன் உள்ளயே குதிரையைப் பூட்டி வெச்சுட்டு நம்மளை ஏமாத்தறானுங்க!”

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான்.

கம்பெனி ஏன் பூட்டி வைத்தான்? அவன் உங்களுக்கு மட்டும் கார் செய்யவில்லை. ராஜஸ்தான் வெயிலில் ஓட்டுகிறவருக்கும், லடாக் உயரத்தில் ஓட்டுகிறவருக்கும், கலப்பட டீசல் போடுகிறவருக்கும், சர்வீஸையே மறந்துபோகிறவருக்கும் சேர்த்துச் செய்கிறான். ஏழு பேரை அடைத்துக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற நம்ம ஊர் மகராசனுக்கும் சேர்த்துத்தான்! அத்தனை பேர் கையிலும் இன்ஜின் பல வருஷம் தாங்க வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் ஒரு சுமைக்கு அளவெடுத்துச் செய்தவை. அந்த ஸ்விஃப்டில் இருந்த 1,248 சி.சி. டீசல் இன்ஜினையே வேறு சில கார்களில் 90 குதிரையாக விற்றார்கள். ஆனால் அதற்கு டர்போவையே வேறாக மாற்றினார்கள். எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் தட்டவில்லை.

எங்கள் அக்கவுன்ட்ஸ் பாஷையில் இதற்குப் பெயர் ‘ரிசர்வ்’. லாபத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது. அதைப் பார்த்து ‘சும்மா கிடக்கிற பணம்’ என்று சொல்கிறவர் வியாபாரத்துக்குப் புதுசு. முதலிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு வருமானம் என்று எழுதுகிறவர் சீக்கிரமே பழசு!

இரட்டைப் பதிவுக் கணக்கின் முதல் பாடம் இதுதான். ஒரு பக்கம் வரவு வந்தால், இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகும். கூடிய 23 குதிரையும் எங்கேயோ பற்று எழுதப்பட்டிருக்கிறது. கிளட்சில், டர்போவில், இன்ஜினின் ஆயுளில். பையனின் காகிதத்தில் வரவு மட்டும் இருந்தது.

இதை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் எனக்கு இன்னொரு குதிரைக் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் கிணத்துக்கடவு. பேரிலேயே கிணறு. தாத்தா காலத்தில் கவலை இறைத்தார்கள். இரண்டு மாடு, ஒரு தோல் பறி. மாடு நுரை தள்ளினால் நிறுத்தியாக வேண்டும். பொழுது சாய்ந்தால் மாட்டுக்கும் ஓய்வு, கிணற்றுக்கும் ஓய்வு. ராத்திரி முழுக்க ஊறும். அப்பா காலத்தில் 5 குதிரை மோட்டார் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. மோட்டாருக்கு நுரை தள்ளத் தெரியாது. கரன்ட் இருந்தால் ராத்திரியும் ஓடும்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு கோடையில் தண்ணீர் கீழே போனது. அப்பா மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனார். உள்ளே கம்பிச் சுற்று மாறியது. வெளியே தகட்டில் 5 என்றே இருந்தது, உள்ளே ஏழரை. (இன்றைய ரீமேப்புக்கு நாங்கள்தான் முன்னோடி!) பள்ளம் தோண்டிக் குழாயை இறக்கினோம். தண்ணீர் பீறிட்டது. தக்காளி போட்டோம், நல்ல விலை. அந்தப் பணத்தில்தான் நான் கோயமுத்தூருக்கு வந்து பி.காம். சேர்ந்தேன். அதாவது, இப்போது உங்களுக்கு உபதேசம் செய்கிற இந்தப் படிப்பே அந்த இரண்டரைக் குதிரையில் வந்ததுதான்.

பற்று எங்கே?

பக்கத்துத் தோட்டத்தில். அங்கே பெரியப்பா என்று நான் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். சொந்தமில்லை, பழக்கம். அவர் மோட்டாரை மாற்றவில்லை, காசில்லை. மறு வருஷம் அவர் கிணற்றில் பாறை தெரிந்தது. எங்கள் மோட்டாரால் மட்டும்தான் வற்றியது என்று சொல்ல மாட்டேன். மழை ஏமாற்றியது. எங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஏற்றினார்கள். ஆளுக்கு இரண்டரைக் குதிரை. யாரும் தப்பு செய்ததாக நினைக்கவில்லை. அவர் மாட்டை விற்றார், பிறகு தோட்டத்தை விற்றார், கோயமுத்தூரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார்.

எங்களுக்கும் நிலைக்கவில்லை. 2003 வறட்சியில் எங்கள் கிணறும் போனது. போர் போட்டோம், ஆழம் கூடிக்கொண்டே போனது. சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். கொஞ்சமும் நஷ்டமில்லாத மோட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 குதிரை, 100 அடியிலிருந்து நொடிக்கு சுமார் 12 லிட்டர் தூக்கும். அதே 5 குதிரை, 1,000 அடியிலிருந்து ஒன்றேகால் லிட்டர்கூட முழுசாகத் தூக்காது. பத்து மடங்கு குதிரை போட்டால்தான் பழைய தண்ணீர். ஆளாளுக்குக் குதிரையைக் கூட்டினோம், தண்ணீர் அதைவிட வேகமாக ஓடிவிட்டது.

காருக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் சம்பந்தம். பையன் கிளட்சைத் தேய்த்தால் செலவு அவனுக்கு. அது அவன் காசு, அவன் ஆசை. நான் யார் தடுக்க? ஆனால் காற்று போதாமல் டீசலைக் கொட்டினால், வேகாத டீசல் கறுப்புப் புகையாகப் பின்னால் போகும். பின்னால் யார் வருகிறார்கள்? ஸ்கூட்டியில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒரு அம்மா. அந்தப் பற்று அவர்கள் பேரில்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது நினைவிருக்கும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் ஒரு சாஃப்ட்வேர். சோதனை நடக்கும்போது மட்டும் புகையை அடக்கும். ரோட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடும். நைட்ரஜன் ஆக்ஸைடு சில கார்களில் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை! தகட்டில் ஒன்று, உள்ளே ஒன்று. எங்கள் காயில் கட்டிய மோட்டாரேதான், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு.

நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு சொல்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாலிபப் பையனை நிறுத்த முடியுமா, சொல்லுங்கள்?

வேகத்தின் மேல் ஆசைப்படுவது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கும் கோவைக்கும் நடுவே, கிழக்கே ஒதுங்கினால் செட்டிபாளையம். அங்கே 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு கரிவரதன் பெயர். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர், ரேஸ் ஓட்டியவர். காசு உள்ளவர்களின் விளையாட்டாக இருந்த ரேஸை மற்றவர்களுக்கும் எட்ட வைக்க 1988-ல் ‘ஃபார்முலா மாருதி’ காரை உருவாக்கினார். உள்ளே இருந்தது மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜின். ஷோரூமில் நாற்பது குதிரையைத் தொடாத இன்ஜின்! எல்லோருக்கும் அதே இன்ஜின். இனி யார் குதிரை பெருசு என்ற பேச்சு இல்லை, யார் ஓட்டுகிறார் என்பதுதான் பேச்சு. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஆரம்பத்தில் அந்த ஃபார்முலா மாருதியை ஓட்டிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார்.

டிராக்கில் இன்ஜினைப் பிழியலாம். அங்கே பற்று ஒளிந்திருக்காது. தேய்ந்தால் மாற்ற வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு, எதிரே ஸ்கூட்டி வராது.

நான் அந்தக் காகிதத்தை வாங்கி, வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: ‘யார் பேரில்?’

“இதை நிரப்பிக்கிட்டு வா கண்ணு. உன் பேர் மட்டும் இருக்கிற வரியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வேற யார் பேராவது வந்தா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்.”

“அவங்களை எங்கீங்க மாமா போய்த் தேடறது?” என்றான்.

சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தப் பெரியப்பாவைப் போன தைப்பூசத்தன்று பொன்மலை அடிவாரத்தில் பார்த்தேன். வயதாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாப் படிச்சு நல்லா இருக்கிற கண்ணு, உங்கப்பன் கஷ்டப்பட்டதுக்கு” என்றார்.

தலையை ஆட்டினேன். யார் கஷ்டப்பட்டதுக்கு என்று அவருக்குத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.