அத்திமரத்தடியில் கண்டவர்



நம் பங்கில் ஒரு தம்பி இருக்கிறார். வாரமெல்லாம் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். விடுமுறை வந்தால் விடியுமுன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. ஏன் என்று கேட்டால், "சும்மா, ஒரு சந்தோஷம்தான் ஃபாதர்" என்பார்.

அவர் எடுத்த படங்களைப் பங்குக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பார்த்திருப்பீர்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம், அதன் தூண்களில் சாய்ந்து விழும் காலை வெயில். கிழக்கு வெளுக்கும்போதும் விளக்கு அணைக்காத விசைப்படகுகள். மீன் ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே கூடையை இறக்கிவைத்துவிட்டு டீ குடிக்கும் ஓர் அம்மா. இவற்றைப் பார்த்துக்கொண்டே வந்த நம் பாட்டி ஒருவர், "இன்னா ஃபாதர், இந்த நாத்தத்துல இன்னா அழகைக் கண்டுட்டான் இவன்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

இன்று நாம் வாசித்த நற்செய்தியில் நத்தனியேல் கேட்பதும் பாட்டியின் கேள்விதான். நாசரேத்து இயேசுவைப் பற்றி பிலிப்பு வந்து சொன்னதும், நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்கிறார். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே முடிவு கட்டிவிட்டார். நாமும் நம் தெருவைப் பற்றி எப்போதோ முடிவு கட்டிவிட்டோம். தெருவை மட்டுமா? குடித்துவிட்டு வரும் அண்ணன், பரீட்சையில் தவறிய பிள்ளை, பேச்சை நிறுத்திவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்... "அவன் அப்படித்தான்" என்று சொல்லிவிட்ட பிறகு, அவர்களுடைய முகத்தை ஒருமுறையாவது நின்று பார்த்தோமா?

ஒருநாள் அந்தத் தம்பியோடு நானும் போனேன். விடியற்காலையில் வெளிச்சம் போதாது. கேமராவின் ஷட்டர் ஒன்றிரண்டு நொடி திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் படகு ஆடிவிட்டால் கரை தெளிவாக விழும், படகு மட்டும் கலங்கிப்போகும். அலையில் கிடக்கும் படகு ஆடாமல் என்ன செய்யும்? "அதை நிறுத்த முடியாது ஃபாதர். அது அடங்குற வரைக்கும் நாமதான் நிக்கணும்" என்றார். நின்றார். படகு அடங்கவே இல்லை. வெயில் ஏறி எல்லாம் வெளுத்ததும் முகம் கோணாமல் பையைக் கட்டினார். நானாக இருந்தால் இரண்டு வார்த்தை முணுமுணுத்திருப்பேன்.

ஆண்டவரும் நம் எதிரில் அப்படித்தான் நிற்கிறார் என்று தோன்றியது. நாம் ஆடுகிறோம் என்பதற்காக அவர் எழுந்து போய்விடுவதில்லை. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாம் படைத்ததைக் கடவுள் நல்லதெனக் கண்டார் என்று அங்கே ஏழு முறை வருகிறது. ஒன்றை முடித்த கையோடு அடுத்ததற்கு ஓடாமல், நின்று பார்க்கிறார். ஆகவே இந்தத் தம்பி செய்வதை வெட்டிவேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூடத்தில் மாட்டிய படங்களில் ஒன்றின் முன்னால் மட்டும் எனக்குக் கால் நகரவில்லை. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்த படம் அது. பச்சையும் நீலமுமாக விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன, அவ்வளவு அழகு. அந்தப் படகுகள் அப்படிக் கிடக்கும் நாட்களில் உங்களில் பலருடைய வீட்டில் கடன் வாங்கித்தான் உலை வைக்கிறீர்கள். அந்த அழகும் உண்மை, இந்தப் பசியும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பார்த்தால் மற்றதை விட்டுவிடுகிற கண் நமக்கு. ஆண்டவர் எதையும் விட்டுவிடுவதில்லை. வட்டிக்குப் போன உங்கள் கம்மலும் அவருக்குத் தெரியும்.

நத்தனியேலிடம் இயேசு என்ன சொன்னார்? பிலிப்பு கூப்பிடுவதற்கு முன்பே அத்திமரத்தடியில் அவரைக் கண்டதாகச் சொன்னார். தம் ஊரைப் பழித்ததை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. கபடற்றவர் என்று பாராட்டவும் செய்தார்.

ஆண்டவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கடைசி வரிசையோடு நின்று, நற்கருணை வாங்காமல் திரும்பிப் போகிறவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் உங்களைப் பார்த்துவிட்டார். பார்த்து முகம் சுளிக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருளடையாளத்துக்காக நான் கோயிலில் உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்து வர நேரமானாலும் பரவாயில்லை, வாருங்கள்.