பந்தியும் பத்தியமும்

பலர் கூடியுண்ணும் பந்தியிலே ஒருவர் தமக்கு ஒவ்வாத உணவை மறுக்கும்போது, இசைந்துபோக வேண்டிய கடப்பாடு யாருடையது? மறுத்தவருடையதா, பந்தியினருடையதா? முதற்பார்வையில் இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின் உணவு உடலை வளர்ப்பதோடு உறவையும் அறிவிப்பதாகும். யார் கையால் உண்பது, யாரோடு அமர்ந்து உண்பது என்பவற்றைக் கொண்டே மேலோர் கீழோர் எனப் பிரித்துவந்த சமூகம் நம்முடையது. சமபந்திப் போசனம் சீர்திருத்தக் குரலாக எழுந்ததும் இதனாலேயே. ஆகவே, உணவை மறுத்தல் அதனை அளித்தவரையே மறுத்தலாகக் கொள்ளப்படும் நிலை நம்மிடையே உண்டு. இவ்வினாவை ஆராய்வதற்கு, குளூட்டன் நீக்கிய உணவை வாழ்நாள் முழுவதும் கைக்கொள்ள வேண்டியவரின் நிலை தக்கதோர் உதாரணமாகும்.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன் எனப்படுவது. சிலியாக் நோயுடையோர் இதனை உண்ணும்போது, அவர்களின் நிர்ப்பீடனத் தொகுதி அவர்களது சிறுகுடலையே தாக்குகின்றது. உணவை அகத்துறிஞ்சும் சடைமுளைகள் சிதைகின்றன. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டென மதிப்பிடப்படுகின்றது. இதன் காரணம் நெடுங்காலம் தெளிவுறாதிருந்தது. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியரான வில்லெம் கரெல் டிக்கே 1930களிலேயே கோதுமையை ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில், அந்நாட்டில் பாண் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மக்கள் பசியால் வாடிய அவ்வேளையில், இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். பாண் மீண்டபோது நோயும் மீண்டது. இவ்வவதானம் அவரது ஐயத்தை வலுப்படுத்திற்று. 1950இல் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திற்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடு உணவுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. ஊரை வாழ்விக்கும் உணவே ஒருவருக்கு நஞ்சாகலாம். அனைவருக்கும் ஒன்றையே அளித்தல் நீதியாகிவிடும் என்னும் எளிய கொள்கை இவ்விடத்தே தளர்ந்துவிடுகின்றது.

பத்தியம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆனால் நாமறிந்த பத்தியம் மருந்தோடு வருவது. மருந்து முடிய அதுவும் முடியும். இங்கோ பத்தியமே மருந்து, அதற்கு முடிவென்பதில்லை. அரிசி, குரக்கன், சோளம், பயறு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லையாதலால், நம் நாட்டில் வாழும் ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பாணையும் கொத்து ரொட்டியையும் கண்டு விலக்குதலும் எளிது. காணமுடியாதவற்றை விலக்குவதே கடினம். இடியப்பமும் புட்டும் அரிசி மாவினாலானவையா, அவித்த கோதுமை மா கலந்தவையா என்பதைப் பார்வையால் அறிய முடியாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்வதுண்டு. சோயாச் சாறு பெரும்பாலும் கோதுமையும் கலந்தே செய்யப்படுகின்றது. சர்வதேச உணவு நியமமாகிய கோடெக்ஸ், குளூட்டன் அற்றதெனக் கூறப்படும் உணவில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என விதித்துள்ளது. ரொட்டி கிளறிய அகப்பையைக் கழுவாது கறியில் இடுவதும் தீங்காகலாம் என்பது இதனாற் பெறப்படும். ஆதலின் இத்தகையவர் செல்லுமிடமெல்லாம் கேட்டுக்கேட்டே உண்ண வேண்டியவராகின்றார். பசியிலும் பெரிய சுமை இக்கேள்வியே. கேட்பவர் ஐயுறுபவராகவும், நாச்சுவை மிக்கவராகவும், சில வேளைகளில் நாகரிக மோகம் கொண்டவராகவும் கருதப்படுகின்றார்.

ஒருவர் பொருட்டுப் பலர் மாறவேண்டுமா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின், அவ்வொருவர் தம் பங்கை முன்னரே செலுத்திவிட்டார். நாள்தோறும் செலுத்தி வருகின்றார். மற்றையோர் பாணைத் துறக்க வேண்டுமென அவர் கேட்பதில்லை. தூய்மையான ஓர் அகப்பையும் உண்மையான ஒரு சொல்லுமே அவர் வேண்டுவன. இத்தாலி நாடு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பாடசாலை, வைத்தியசாலை முதலியவற்றின் உணவுச்சாலைகளில் வேண்டுவோர்க்குக் குளூட்டன் அற்ற உணவை வழங்குவதை உறுதிசெய்தது. கத்தோலிக்கத் திருச்சபை, நற்கருணை அப்பம் கோதுமையினாலேயே ஆதல் வேண்டும் என்னும் விதியை மாற்றவில்லை. எனினும், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை ஏற்றுக்கொள்கின்றது. அதனையும் உட்கொள்ள இயலாதோர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என 2003இல் தெளிவுபடுத்தியது. அவ்விதி சிலர்க்கு வருத்தந் தரலாம். ஆயினும், மரபைக் கைவிடாதவிடத்தும் ஒருவரைப் பந்தியினின்று எழுப்பாதிருக்க வழியுண்டு என்பதற்கு அது சான்றாகும்.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலிலும் வாய்மையைத் துறவறவியலிலும் வைத்தார். நாம் எடுத்துக்கொண்ட பந்தியிலோ இவ்விரு அறங்களும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. "கொஞ்சம் உண்டால் ஒன்றும் ஆகாது" என வற்புறுத்துவது அன்பின் மொழியே; ஆயினும் அறியாத ஒன்றை அறிந்ததுபோற் கூறுவதால் அது உண்பவரின் உடலைப் பணயம் வைக்கின்றது. "இதில் என்ன கலந்துள்ளது என்பது எனக்குத் தெரியாது, உமக்கெனத் தனியே சிறிது சோறு வடித்துத் தருகின்றேன்" என்பவரே விருந்தினரை உண்மையிற் பேணியவராவார். மறுத்தவரின் சொல்லை நம்புதலும், தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் மறையாது கூறுதலும் பந்தியினரின் கடன். அக்கடன் நிறைவேறுமாயின், இலையில் உள்ள உணவு வேறாயினும் பந்தி ஒன்றாகவே இருக்கும்.