பெயர் நீக்கம்

லினக்ஸில் கோப்பை அழிக்கும் சிஸ்டம் காலின் பெயர் 'அன்லிங்க்'. அது அழிப்பதில்லை, கோப்புக்கும் பெயருக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கிறது, அவ்வளவுதான். கோப்பின் உடல் போக வேண்டுமென்றால் இரண்டு எண்ணிக்கைகள் பூஜ்யமாக வேண்டும்: அதற்கு இருக்கும் பெயர்கள், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள்.

சர்வர் வேலை பார்க்கும் எல்லோரும் இதை ஏதோ ஒரு நள்ளிரவில் கற்றுக்கொள்கிறோம். டிஸ்க் நிரம்பிவிட்டது, பெரிய லாக் கோப்பை அழித்தாயிற்று, ஆனாலும் இடம் திரும்பி வராது. ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால்? பெயரும் இல்லை, பிடித்திருந்த நிரலும் இல்லை, இடம் மட்டும் அடைபட்டுக் கிடக்கும். இதற்காகவே எக்ஸ்ட்4 ஒரு 'அனாதைப் பட்டியல்' வைத்திருக்கிறது. மறுபடி மவுண்ட் ஆகும்போது அதைப் பார்த்துத் துப்புரவு செய்யும். பழைய முறையில் பட்டியலுக்குத் தனி இடம் கிடையாது. ஒவ்வொரு கோப்பின் ஐநோடிலும் 'அழிந்த நேரம்' எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில்தான் அடுத்த அனாதையின் எண்ணை எழுதிவைப்பார்கள். சாவுத் தேதி எழுத வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டு விலாசம்.

சென்ற வருடம், நாங்கள் பராமரிக்கும் ஃபைல் சிஸ்டத்தில் இதே போன்றதொரு பட்டியலின் இரண்டு பிழைகள் என்னிடம் வந்தன. ஒன்றில், பட்டியலில் சேர வேண்டிய கோப்பு சேரவில்லை, அதனால் இடம் வீணாகிறது. இன்னொன்றில், பெயரில்லாமல் பிறந்த தற்காலிகக் கோப்புக்குப் பிறகு பெயர் வைக்கிறோம், ஆனால் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிடுகிறோம். அடுத்த துவக்கத்தில், உயிரோடிருக்கும் கோப்பு துடைக்கப்படும். இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை போட்டிருந்தார்கள். எனக்கு அது உறுத்தியது.

அப்பத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருப்பதாக வருடாவருடம் சான்று தர வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுத்த வருடம் தர முடியவில்லை. பணம் நின்றது. "நான் செத்துட்டேன்னு எவன்டா சொன்னான்?" என்று கேட்டாள். எவனும் சொல்லவில்லை. இருக்கிறாள் என்றும் எவனும் சொல்லவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. "ரூல் அப்படி அப்பத்தா. செத்தவங்க பேர்ல பணம் போயிறக் கூடாதுல்ல" என்றேன். பொறியாளன் அல்லவா, அமைப்பின் பக்கம் நின்றுதான் பதில் சொன்னேன்.

நான் சொன்னது பொய்யில்லை. இறந்தவர் பெயரில் போகும் பணம் யாரோ ஒரு உயிருள்ளவரின் பங்குதான். ஆனால் இரண்டு தவறுகளும் சமமில்லை. வீணான இடத்தை நாளைக்கும் மீட்கலாம். துடைத்ததை மீட்க வழியில்லை. அவளுக்குப் பணம் பிறகு நிலுவையோடு வந்தது. மாத்திரை வாங்காமல் விட்ட மாதங்கள் அதோடு வரவில்லை.

எஃப்எஸ்சிகே என்ற பழைய சோதனைக் கருவி இதை அறிந்திருக்கிறது. கணக்கில் பெயர் உண்டு, தேடினால் எந்த அடைவிலும் இல்லை என்ற நிலையில் ஒரு கோப்பு அகப்பட்டால், வெறும் எண்ணையே பெயராக இட்டு 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் வைத்துவிடுகிறது. யாராவது தேடி வரக்கூடும்.

நான் செய்த திருத்தம் சில வரிகள்தான். துடைக்கும் முன் பட்டியலை மட்டும் நம்பாமல், கோப்பிடமே போய்ப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். சரிபார்த்த நண்பர் கேட்டார்: "ஒவ்வொண்ணையும் போய்ப் பார்த்தா லேட் ஆகாதா?"

ஆகும் என்று எழுதினேன்.