பிள்ளைகள் வரவில்லையா?

"பிள்ளைகள் குறைந்துவிட்டனர், இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிடுவது வீண்" என்னும் பேச்சு குடாநாட்டுக் கிராமங்களில் அடிக்கடி காதில் விழுகின்றது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பிள்ளைகள் குறைந்ததால் பணம் நின்றதா, பணம் நின்றதால் பிள்ளைகள் குறைந்தனரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கியபோது மாணவரைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்தே படிப்பித்தனர். ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வழி என்பதை யாழ்ப்பாணம் கண்டுகொண்ட பின்னரோ, கட்டணம் கேட்டபோதும் பிள்ளைகள் வந்தனர். அத்தகைய செமினறி 1855இல் மூடப்பட்டது. மாணவர் இல்லாமலா? இல்லை. ஆங்கில உயர்கல்விக்கு ஆகும் செலவு மதப்பணிக்கு ஏற்ற பலனைத் தரவில்லை என்று பொஸ்ரனிலிருந்து வந்தோர் கணக்குப் பார்த்தனர். அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872இல். இடையிலே கழிந்தவை 17 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் படிக்கும் வயதை அடைந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணம் என்னும் கதவை அகற்றியது. எனினும் பணம் பெரிய பள்ளிகளையே நாடுகின்றது. அரசின் தர உள்ளீட்டு நிதி பெரும்பாலும் மாணவர் தொகையைப் பார்த்தே பகிரப்படுகின்றது. கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் தாம் படித்த கல்லூரிக்கே அள்ளிக் கொடுக்கின்றனர். நன்றியுணர்வைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் புதிய மண்டபத்தைக் கண்ட பெற்றோர், வாகனச் செலவுக்கு வழியிருந்தால், பிள்ளையை அங்கேயே அனுப்புகின்றனர். போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைக் குறைத்தன. அதை மறுப்பார் யார்? ஆனால் எஞ்சியோரைப் பிரித்தெடுப்பது போரன்று.

நாம் அறிந்த கிராமப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர் எழுவர். எழுவரும் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். 1930ஆம் ஆண்டளவில், சாதி வேற்றுமையின்றி ஒரே வாங்கில் இருக்கும் உரிமைக்காகவே கடும் எதிர்ப்பின் நடுவே போராடவேண்டியிருந்த மக்களின் வழித்தோன்றல்கள். அன்று வாங்கு மறுக்கப்பட்டது. இன்று வாங்கு உண்டு. அதில் உடனிருந்து படிக்க வேண்டியவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டனர்.

சென்ற ஆண்டு எம் பழைய கல்லூரியின் மண்டபத்துக்கு நாமும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். அதே மாரியில் அந்த எழுவரின் வகுப்பறைக் கூரை ஒழுகியது. ஆசிரியை வாளி வைத்துப் பாடம் நடத்தினார். நாம் கொடுத்த பணத்துக்கான பற்றுச்சீட்டு இன்னும் எமது மேசையில் கிடக்கின்றது.